எஞ்சியவற்றை வாசித்தவர்: அல்-பிரூனியும் ஆறுகள் சுமந்த மலைகளும்

2015 ஆம் ஆண்டின் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், மட்டக்களப்புக் கரையிலிருந்து பல நூறு கிலோமீற்றர் கிழக்கே, வங்காள விரிகுடாவின் நடுவில், ஜொய்டெஸ் ரெசொலூஷன் என்ற ஆய்வுக் கப்பல் கடலடியைத் துளையிட்டுக்கொண்டிருந்தது. வடக்கு 8 பாகை அகலாங்குக் கோட்டில் ஏழு இடங்களில் குழாய் இறக்கினார்கள். அந்தக் கடலின் ஆழம் மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். அதற்கும் கீழே, கடல்தரைக்குள்ளிருந்து குழாய் குழாயாக மேலே வந்ததெல்லாம் பெரும்பாலும் சாம்பல் நிறச் சேறும் நுண்மணலும்தான். மார்ச் இறுதியில் கப்பல் அவற்றைச் சுமந்துகொண்டு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த மண் இலங்கையினுடையது அல்ல. அதன் பெரும்பகுதி இமயமலையிலிருந்து வந்தது. கங்கையும் பிரமபுத்திராவும் அதை வங்காளக் கழிமுகம் வரை கொண்டுவந்தன. அங்கிருந்து கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே அது தெற்கே இறங்கி, நம் தீவின் கிழக்குக் கடலையும் தாண்டி, பூமத்திய கோட்டுக்கு அப்பாலும் பரவிக் கிடக்கிறது. இமயமலை எப்போது, எவ்வளவு வேகமாக உயர்ந்தது என்பதற்கான சாட்சியங்களை ஆய்வாளர்கள் மலையில் மட்டும் தேடுவதில்லை. மலை உடைந்து போய்ச் சேர்ந்த இடத்திலும் தேடுகிறார்கள்.

ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணையும் கல்லையும் பார்த்து ஒரு நாட்டின் பழங்கதையைச் சொல்லலாம் என்று எழுத்தில் வைத்த மனிதர்களில் ஒருவர் அபூ ரைஹான் அல்-பிரூனி. அவர் அதை எழுதியது 1030 இல். வங்காள விரிகுடாவை அவர் கண்டதில்லை. இந்திய மண்ணுக்கு அவர் விரும்பி வந்த பயணியும் அல்ல. ஒரு யுத்தம் அவருடைய நாட்டை விழுங்கியது. அந்த யுத்தத்தை நடத்திய அரசன் அவரைக் கூட்டிப்போன இடங்களில்தான் அவர் ஆறுகளைப் பார்த்தார்.

கரையைத் தின்ற ஆறு

973 செப்டெம்பரில் குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரின் புறப்பகுதியில் பிரூனி பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானின் மேற்கே, ஆமு தர்யா ஆறு ஆரல் கடலை நோக்கிப் போகும் வழியில் இருந்த நகரம் அது. பிரூனி என்ற பெயருக்கே ஊருக்கு வெளியே உள்ளவர் என்ற பொருள் உண்டு. அந்நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் சிறந்த கணித அறிஞருமான அபூ நஸ்ர் மன்சூர் அவரைத் தன் மாணவனாக ஏற்றுக்கொண்டார். 17 வயதளவில் சூரியன் உச்சிக்கு வரும் உயரத்தை அளந்து தன் ஊரின் அகலாங்கைக் கணித்தார் அந்த மாணவன்.

ஆமு தர்யா அமைதியான ஆறு அல்ல. பாமிர் மலைகளிலிருந்து பெருந்தொகை வண்டலைச் சுமந்து வரும் அது கரையை அரிக்கும், பாதையை மாற்றும். காத் நகரில் அல்-ஃபீர் என்றொரு பழங்கோட்டை இருந்தது. நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய கோட்டை. ஆறு ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதியை அரித்துக்கொண்டு போனது. 994 இல் அதன் கடைசி மிச்சமும் ஆற்றோடு போனதைப் பிரூனி பதிவு செய்திருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது. மண் நிலையானது அல்ல என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. வீட்டு வாசலில் பார்த்து அறிந்தார்.

அடுத்த ஆண்டு நாடே போனது. 995 இல் ஆற்றின் மறுபக்கத்து நகரமான குர்கஞ்சின் அமீர் காத் நகரைத் தாக்கி, பிரூனியை ஆதரித்த அரச வம்சத்தை அழித்தார். பிரூனி அப்போது 15 முழ விட்டமுள்ள ஒரு பெரிய வளையத்தை அமைத்துச் சூரியனின் பாதையை அளக்கத் தொடங்கியிருந்தார். கோடைகால உச்ச நாளின் அளவீட்டை மட்டும் எடுக்க முடிந்தது. அதற்குள் சண்டை வந்துவிட்டது. கருவியை விட்டுவிட்டு ஒளிந்தார். பிறகு நாட்டை விட்டே வெளியேறினார்.

இன்றைய தெஹ்ரானுக்கு அருகேயிருந்த ரேய் நகரில் அவர் கையில் காசில்லாமல் அலைந்த காலம் அதுதான். அங்கே ஒரு வானியலாளர் அவருடைய கருத்தை ஏளனம் செய்து தள்ளினார். தன் ஏழ்மைதான் அதற்குக் காரணம் என்பது பிரூனிக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் தன் நிலை சற்று உயர்ந்ததும் அதே மனிதர் நட்போடு பழகியதையும் அவர் எழுதி வைத்தார். அகதியின் சொல்லுக்கு யார் எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்கள் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் வேலையை அவர் நிறுத்தவில்லை. 997 மே மாதம் சந்திர கிரகணம் ஒன்று வந்தது. மீண்டும் காத் நகரில் இருந்த பிரூனி அதை அங்கிருந்து பார்த்தார். முன்கூட்டியே பேசிவைத்தபடி, பாக்தாத்தில் இருந்த அபூல் வஃபா என்ற கணித அறிஞரும் அதே கிரகணத்தைப் பார்த்தார். இரண்டு ஊர்களிலும் கிரகணம் தெரிந்த நேரங்களை ஒப்பிட்டால், அவற்றுக்கு இடையிலுள்ள நெட்டாங்கு வேறுபாடு கிடைத்துவிடும். தொலைபேசி இல்லாத உலகில், இரண்டு பேர் வானத்தையே மணிக்கூடாக வைத்து நிலத்தை அளந்தார்கள்.

எஞ்சிய தடயங்கள்

1000 ஆம் ஆண்டையொட்டி, காஸ்பியன் கடலின் தென்கிழக்கே ஜுர்ஜான் பகுதியை ஆண்ட காபூஸ் என்ற அரசரின் ஆதரவு பிரூனிக்குக் கிடைத்தது. அங்கே தன் முதற்பெரும் நூலை எழுதி முடித்தார். பண்டைய இனங்களின் நாட்காட்டிகளையும் திருநாட்களையும் வரலாற்றுக் கணக்குகளையும் ஒன்றுசேர்த்த நூல் அது. சென்ற காலங்களின் எஞ்சிய தடயங்கள் என்பது அதன் அரபுத் தலைப்பின் பொருள்.

அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. அவர் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், குதைபா இப்னு முஸ்லிம் என்ற அரபுத் தளபதி குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அந்நாட்டு எழுத்தையும் மரபுகளையும் அறிந்திருந்த அறிஞர்கள் அப்போது கொல்லப்பட்டார்கள். அதனால் தன் மக்களின் பழைய வரலாற்றை இனி நிச்சயமாக அறிய வழியில்லாமல் போய்விட்டது என்று பிரூனி எழுதினார். அவர் முஸ்லிம். அரபு மொழியை அறிவின் மொழியாகப் போற்றியவர். ஆனால் அழித்தது யார் என்பதை மழுப்பவில்லை.

எழுத்து அழிந்த பிறகு அவர் செய்தது என்ன? மக்களின் வாயில் எஞ்சியிருந்த மாதப் பெயர்களையும் நட்சத்திரப் பெயர்களையும் திருநாள் வழக்கங்களையும் திரட்டினார். அவற்றைப் பாரசீகர், சொக்டியர், யூதர், கிறிஸ்தவர் ஆகியோரின் கணக்குகளோடு ஒப்பிட்டார். மூலம் போன பின்னும் மூலத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய துண்டுகள் எங்கேயோ கிடக்கும். அவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓரளவு படிக்கலாம் என்பதுதான் அவர் கைக்கொண்ட முறை. பின்னாளில் இதே முறையை அவர் கற்களிலும் ஆற்று மண்ணிலும் கையாண்டார்.

இந்தக் காலத்தில்தான் தன்னைவிட இளையவரான இப்னு சீனாவுடன் அவர் கடித வழியே வாதிட்டார். அரிஸ்டோட்டிலின் கருத்துகளைப் பற்றிப் பிரூனி கேள்விகளை அடுக்கினார். இப்னு சீனா பதில் எழுதினார். பிரூனி அந்தப் பதில்களில் பலவற்றை ஏற்கவில்லை. மலைகள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றி இப்னு சீனாவும் பின்னர் எழுதினார். நிலம் அதிர்ந்து மேலெழுவதாலும், நீர் சுற்றிலும் அரித்துச் செல்வதாலும் மலைகள் உருவாகலாம் என்றார் அவர். மலை எப்படி எழுகிறது என்று ஒருவர் யோசித்தார். உடைந்த மலை எங்கே போகிறது என்று மற்றவர் பார்த்தார். இரண்டையும் சேர்க்க உலகத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

யுத்தம் கொண்டுபோன இடம்

1004 அளவில் பிரூனி குவாரிஸ்முக்குத் திரும்பினார். தன் நாட்டைக் கவிழ்த்த அதே குர்கஞ்ச் வம்சத்தின் அரசவையில் ஆலோசகராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்த அமைதியும் நீடிக்கவில்லை. தெற்கே கஸ்னியை ஆண்ட மஹ்மூதின் அதிகாரம் பெருகிக்கொண்டிருந்தது. 1017 இல் குவாரிஸ்மின் அரசர் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். மஹ்மூதின் சகோதரியை மணந்தவர் அவர். பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு மஹ்மூதின் படை வந்தது. நாடு மஹ்மூதின் கைக்குப் போனது. பிரூனியும் அவருடைய முதிய ஆசான் அபூ நஸ்ரும் இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரூனிக்கு அப்போது 44 வயது. இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் இழந்திருந்தார்.

1018 ஒக்டோபரில் அவர் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தார். கையில் கருவி எதுவும் இல்லை. கணக்குப் பார்க்கும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்லை வரைந்து, பாகைகளாகப் பிரித்து, ஒரு தூக்குக் கயிற்றைத் தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்தார். ஊர்களின் இருப்பிடத்தைக் கணிப்பது பற்றி 1025 இல் முடித்த நூலில் இதை அவரே குறிப்பிடுகிறார்.

அந்த நூலில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர்களின் இருப்பிடத்தைப் பேசத் தொடங்கிய அவர், நிலமும் கடலும் இடம் மாறுவதைப் பற்றி எழுதுகிறார். அரேபியப் பாலைவனம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது. அங்கே கிணறு வெட்டும்போது சிப்பிகளும் சங்குகளும் கிடைப்பது அதற்குச் சாட்சி என்கிறார். தன் சொந்த நாட்டுக்கும் ஜுர்ஜானுக்கும் இடைப்பட்ட மணல்வெளியிலும் அப்படிப்பட்டவை கிடைப்பதைச் சொல்லி, ஆமு தர்யா முன்னர் வேறு பாதையில் ஓடியதை விளக்குகிறார். மலைகளில் உருண்டைக் கூழாங்கற்கள் மணலோடும் களியோடும் இறுகிப் பாறையாகிக் கிடப்பதையும் அவர் கவனித்தார். அந்தக் கற்கள் வேறு மலைகளிலிருந்து உடைந்து, நீரில் உருண்டு தேய்ந்து, புதைந்து, மீண்டும் கல்லானவை. இதற்கெல்லாம் மனிதக் கணக்குக்குள் அடங்காத காலம் தேவைப்பட்டிருக்கும் என்பது அவருடைய முடிவு. இன்றைய மலைக்குள் அதற்கு முந்திய ஒரு மலையின் துண்டுகள் இருக்கின்றன என்று சொல்வதற்கு இது மிக நெருங்கியது.

மஹ்மூதின் படைகள் பஞ்சாப் வரை போய்வந்த வழியில் பிரூனியும் போனார். இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் நந்தனா என்ற கோட்டை இருந்தது. அங்கே ஒரு மலையின் உயரத்தைச் சுமார் 652 முழம் என்று கணித்தார். பிறகு அதன் உச்சியில் நின்று, கீழே விரிந்த சமவெளியின் அடிவானம் கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் 34 கலை. இந்த இரண்டு எண்களை வைத்தே பூமியின் ஆரையைக் கணித்தார். அவருடைய முழத்தின் நீளம் எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை சற்று மாறும். வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் வரும் பிழையும் அதில் உண்டு. ஆனாலும் இன்றைய மதிப்புக்கு அது நெருக்கமானது. பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளக்க வேண்டிய ஒன்றை ஒரு மலையுச்சியில் நின்றே செய்து முடித்தார்.

சிதறியவர்களிடம் கற்றல்

இந்தியாவைப் பற்றிய பெருநூலை அவர் 1030 இல், மஹ்மூத் இறந்த சில மாதங்களுக்குள் முடித்தார். அதற்காக நடுவயதில் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களைத் தேடிப் பணம் கொடுத்து நூல்களைத் திரட்டினார். பதஞ்சலியின் யோக நூலை அரபில் தந்தார். இந்துக்களின் தத்துவம், வானியல், அளவைகள், சட்டம், நோன்புகள் என்று 80 அத்தியாயங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வது போலவே முதலில் எடுத்துவைக்க வேண்டும், வாதம் பிறகு என்பது அந்நூலின் ஒழுங்கு. பிறரிடமிருந்து கற்க மறுக்கும் இறுமாப்பு அங்குள்ள படித்தவர்களிடம் இருப்பதாக அவர் கடுமையாகக் குறையும் சொல்கிறார்.

தொடக்கத்திலேயே, இந்த மக்கள் அந்நியரை ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்ற கேள்வியை எடுக்கிறார். காரணங்களில் ஒன்றாக மஹ்மூதின் படையெடுப்புகளைச் சொல்கிறார். அவை நாட்டின் செழிப்பை அழித்தன. மக்கள் நாலாபுறமும் சிதறிப்போனார்கள். எஞ்சியவர்கள் மனதில் ஆழ்ந்த வெறுப்பு நிலைத்துவிட்டது. அவர்களுடைய கல்வி, கைப்பற்றப்பட்ட பகுதிகளை விட்டு விலகிக் காஷ்மீருக்கும் காசிக்கும் போய்விட்டது என்று பதிகிறார். இறந்த அரசனின் பெயரை உரிய மரியாதையோடு சொல்லிக்கொண்டே, அந்த அரசனின் மகன் ஆளும் நகரில் இருந்துகொண்டு எழுதிய வரிகள் இவை.

அவரை வீரராக்க வேண்டியதில்லை. அவர் அந்த அரசை எதிர்த்து நிற்கவில்லை. அதன் ஆதரவில் வாழ்ந்தார். அதன் படை திறந்த வழியில்தான் நடந்தார். அடுத்த அரசனான மசூதுக்குத் தன் மிகப் பெரிய வானியல் நூலைக் காணிக்கையாக்கினார். அழித்தவனின் சம்பளத்தில் இருந்துகொண்டு அழிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதியவர் என்ற நெருடல் அவருடைய வாழ்க்கையிலிருந்து நீங்காது. ஆயினும் அந்தப் படையெடுப்புகளை வெற்றிப் புகழாக மட்டுமே பாடிய எழுத்துகளுக்கு நடுவே, அவை அந்த நிலத்துக்கும் கல்விக்கும் செய்தது என்ன என்பது பதிவில் நிற்பதற்கு அவருடைய நூலும் ஒரு காரணம்.

நம் கடலும் அந்த நூலில் வருகிறது. இராமேசுவரத்தையும் சேதுவையும் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதுகிறார். செரந்தீப் என்று அராபியர் அழைத்த இலங்கையின் குடாவில் முன்பு முத்துக்குளிப்பு நடந்ததையும், தன் காலத்தில் அது கைவிடப்பட்டிருந்ததையும், அந்த முத்துகள் ஆபிரிக்கக் கரைக்குப் போய்விட்டதாக மக்கள் பேசிக்கொண்டதையும் குறிப்பிடுகிறார். இந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. தான் நேரில் பார்த்த இடங்கள் எவை என்று ஒரு பட்டியலே கொடுக்கிறார்: கஸ்னி, காபூல், பெஷாவர், ஜீலம், நந்தனா, சியால்கோட், லாகூர்ப் பகுதி, முல்தான் முதலானவை. அவற்றுக்கு அப்பால் போகவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். கண்டது எது, கேட்டது எது என்ற பிரிப்பில் அவர் கவனமாக இருந்தார்.

கல் சிறுத்து மணலாகும் வழி

ஆறுகளைப் பற்றிய பகுதி அந்த நூலின் 18 ஆவது அத்தியாயத்தில் வருகிறது. இந்தியாவின் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் உருண்டைக் கற்கள் வருகின்றன என்கிறார். மலைகளுக்கு அருகே, ஆறு வேகமாக ஓடும் இடங்களில் கற்கள் பெரியவை. மலையை விட்டு விலகி ஆறு மெல்ல ஓடும் இடங்களில் அவை சிறியவை. ஆறுகள் தேங்கிக் கடலை அணுகும் இடங்களில் பொடியாகி மணலாகிவிடுகின்றன. இதையெல்லாம் பார்க்கும் ஒருவருக்கு, இந்த நாடு முன்னர் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியது என்று நினைக்காமல் இருக்க முடியாது என்பது அவர் முடிவு.

இதில் புராணம் இல்லை, ஊகக் கதை இல்லை. கல்லின் அளவு, ஆற்றின் வேகம், மலையிலிருந்து உள்ள தூரம் என்ற மூன்றை மட்டும் வைத்துப் பேசுகிறார். வேகமான நீர்தான் பெரிய கல்லை உருட்டும். வேகம் குறையக் குறைய முதலில் பெருங்கற்களும், பிறகு பரல்களும், பிறகு மணலும், கடைசியில் சேறும் கீழே படியும். மாரி வெள்ளம் வடிந்த பின் ஓர் ஆற்றின் மேல்பகுதியையும் முகத்துவாரத்தையும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

எல்லாம் அவர் நினைத்தபடியே இல்லை. சிந்து கங்கைச் சமவெளி, ஒரு கடலை ஆறுகள் நேராக நிரப்பியதால் மட்டும் உருவானது அல்ல. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது இமயமலை மேலெழுந்தது. மலையின் பாரம் தாங்காமல் அதன் அடிவாரத்து நிலம் வளைந்து தாழ்ந்தது. அந்தத் தாழ்வைத்தான் ஆறுகள் பல கிலோமீற்றர் தடிப்புக்கு நிரப்பின. நிலத்தட்டுகள் நகர்வதை அறிய 20 ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சமவெளி முழுவதும் மலையிலிருந்து வந்த வண்டல் என்ற அடிப்படைக் கூற்றில் பிழை இல்லை.

அவர் நின்ற நந்தனாவுக்கு வடக்கே, பொட்வார் மேட்டுநிலத்தில், சிவாலிக் என்ற பாறை அடுக்குகள் வெளித்தெரிகின்றன. கடந்த 1 கோடி 80 இலட்சம் ஆண்டுகளில் இமய ஆறுகள் படியவைத்து, பிறகு மேலே தள்ளப்பட்ட படிவுகள் அவை. பொதுவாக அடியில் சேற்றுப்பாறை, நடுவில் மணற்பாறை, மேலே உருண்டைக் கற்கள் இறுகிய பாறை. கீழிருந்து மேலே போகப் போகத் துகள் பெருக்கிறது. மலை உயர்ந்துகொண்டும் அதன் விளிம்பு அண்மித்துக்கொண்டும் இருந்தது என்பதற்கான சான்று அது. பெரிய கல் இருந்தால் மலை அருகே என்ற பிரூனியின் கணக்கைக் காலத்தின் மீது போட்டுப் பார்த்தால் வரும் விடை இதுதான்.

கழிமுகத்துக்கும் கடலுக்கும் போன மண் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி தொன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அவற்றின் படிவு கடலுக்கு அடியில் சுமார் 3000 கிலோமீற்றர் நீளத்துக்கு விசிறிபோல விரிந்திருக்கிறது. அதன் ஒரு கைப்பிடி மணலில் சிர்க்கோன், கார்னெட், மைக்கா போன்ற கனியத் துகள்கள் உண்டு. புல்மோட்டைக் கனிய மணலிலும் சிர்க்கோன் இருப்பது நமக்குத் தெரியும்; அது இலங்கையின் பாறைகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு துகளும் தான் உருவான பாறையின் அடையாளத்தையும் வயதையும் வைத்திருக்கும். எந்தக் காலத்து அடுக்கில் எந்தப் பாறையின் துகள் முதன்முதலாக வருகிறது என்று பார்த்தால், மலையின் எந்தப் பகுதி எப்போது வெளிப்பட்டு அரிக்கப்பட்டது என்று சொல்லலாம்.

மைக்கா இன்னொன்றைச் சொல்லும். நிலத்துக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே குளிரும்போது அதற்குள் ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது. பொட்டாசியம் சிதைந்து ஆர்கன் வாயு சேர்வதுதான் அந்த மணிக்கூடு. குளிர்ந்த காலத்துக்கும் கடலில் படிந்த காலத்துக்கும் இடைவெளி சிறிதாக இருந்தால், அந்தப் பாறை விரைவாக மேலே வந்து விரைவாக உடைந்திருக்கிறது என்று பொருள்.

1987 இன் நடுப்பகுதியில் இதே ஜொய்டெஸ் ரெசொலூஷன் கொழும்பிலிருந்து புறப்பட்டு, இலங்கைக்குத் தெற்கே இந்தப் படிவின் கடைக்கோடியைத் துளையிட்டது. இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான அந்த நாட்களில் இப்படியொரு கப்பல் நம் கடலில் நின்றதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? அது கொண்டுவந்த படிவுகளில் மிகப் பழையவை சுமார் 1 கோடி 70 இலட்சம் ஆண்டு வயதுடையவை. அவற்றில், படிந்த காலத்துக்கு மிக அண்மையில் குளிர்ந்த துகள்கள் அடுக்குக்கு அடுக்கு இருந்தன. அந்தப் பழங்காலத்திலேயே இமயம் வேகமாக உயர்ந்து வேகமாக அரிபட்டுக்கொண்டிருந்தது என்பதை மலையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிக் கிடந்த சேறு காட்டித்தந்தது. அன்றைய சிகரங்கள் இன்று இல்லை. அவை இருந்ததற்கான பதிவு கடலடியில் இருக்கிறது.

கடைசி நாட்கள்

பிரூனி தன் இறுதிக்காலத்தைக் கஸ்னியிலேயே கழித்தார். மாணிக்கங்களையும் உலோகங்களையும் நீரில் அமிழ்த்தி, அவற்றின் எடையை ஒப்பிட்டு அடர்த்தியைக் கணித்தார். பார்வை மங்கிய பின்னரும் உதவியாளர் ஒருவரின் துணையோடு மருந்துகளைப் பற்றி ஒரு பெருநூலைத் தொகுத்தார். மரணப்படுக்கையில் அவரைப் பார்க்க வந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்பு பேசிய பாகப்பிரிவினைக் கணக்கொன்றின் விளக்கத்தைக் கேட்டாராம். இந்த நேரத்திலா என்று வந்தவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்து போவது நல்லதல்லவா என்ற கருத்தில் பதில் சொன்னாராம். விளக்கம் கேட்டு முடிந்து, வந்தவர் தெருவுக்கு வருவதற்குள் வீட்டுக்குள் அழுகுரல் எழுந்ததாகக் கதை சொல்கிறது. அவர் இறந்தது 1048 டிசம்பரில் என்பது மரபு. அதன் பின்னரும் ஓரிரு ஆண்டுகள் இருந்தார் என்று சொல்வோரும் உண்டு.

அவர் எழுதியவை சுமார் 146 என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் ஏறக்குறைய 22 மட்டுமே எஞ்சியுள்ளன. ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் சாகாவ் எஞ்சிய தடயங்கள் நூலை 1879 இலும் இந்திய நூலை 1888 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னர்தான் மேற்குலகம் அவரைப் பரவலாக அறிந்தது. எஞ்சியதை வைத்து இழந்ததை வாசித்த ஒருவரை, நாமும் எஞ்சியதை வைத்தே அறிகிறோம்.

காத் நகரம் இருந்த பகுதியில் உள்ள ஊருக்கு இன்று அவருடைய பெயர்தான். ஆமு தர்யா இப்போது ஆரல் கடலைச் சென்றடைவதே அரிது. பருத்தி வயல்களுக்கு நீரெல்லாம் போகிறது. கடலும் பெரும்பாலும் வற்றிவிட்டது. ஆனால் பல நூற்றாண்டுகளாக அந்த ஆறு போட்ட வண்டல் கழிமுகத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. 21 வயது இளைஞன் ஒருவன் கண்முன்னே கரைந்துபோன அல்-ஃபீர் கோட்டையின் மண்ணும் அந்த அடுக்குகளோடுதான் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியொரு கோட்டை இருந்ததும், அது எந்த ஆண்டில் போனது என்பதும் இன்று நமக்குத் தெரிவது, ஓடிப்போக வேண்டியிருந்த ஒருவர் அதை எழுதி வைத்ததால்.